மாத்திரைக்கு ரமலான் தெரியாது

தூஸ்,
ஷஃபான் பிறை 24.

அன்பு மகன் லஸ்ஹருக்கு, வாப்பா பெல்காசெம் எழுதிக்கொள்வது. ஸலாம். இங்கே எல்லோரும் நலம். லியோன் நகரத்தில் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று உம்மா ஐந்து வேளையும் துஆ கேட்கிறாள், அதாவது என்னைத் திட்டாத நேரங்களில்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. வலது கைப் பெருவிரலில் கட்டுப் போட்டிருக்கிறேன். ஷெஹ்பா கடித்துவிட்டது. ஆமாம், நீ புட்டிப்பால் கொடுத்து வளர்த்த உன் வேட்டை நாய்தான். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடிக்கிறோம் என்று அதற்கே தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன், உனக்காவது புரிகிறதா பார். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் முற்றத்தில் படுத்திருந்தது. திடீரென்று உடம்பு கட்டை மாதிரி விறைத்தது. பக்கவாட்டில் சாய்ந்து, முயலைத் துரத்துவது போல நாலு காலும் படுத்தபடியே ஓடின. வாயில் நுரை. சிறுநீரும் போய்விட்டது. நான் ஓடிப்போய்க் கஞ்சிக் கரண்டியை எடுத்து வந்து பல்லுக்கு நடுவே திணித்தேன். ஏன் என்று கேட்காதே. எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான், உனக்கும் தெரியும். உம்மா அதன் பாதத்தில் இரும்புச் சாவியை வைத்து அழுத்தினாள். உன் தங்கை ஸாரா வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தாள். உன் பெரிய வாப்பா மன்சூர் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றினார். இத்தனை வைத்தியத்துக்கும் தப்பி அது பிழைத்தது பெரிய விஷயம்.

எழுந்த பிறகு பார்க்க வேண்டுமே! சுவரில் முட்டிக்கொண்டு நடக்கிறது, என்னைப் பார்த்து உறுமுகிறது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நிற்கிறது. அரை மணி நேரம் கழித்து அடுக்களையில் புகுந்து ஆறு ரொட்டியைத் தின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை.

ஓதிப் பார்க்கிற சீதி அம்மாரை முதலில் கூப்பிட்டோம். வாய்க்காலில் ஒரு ஜின் குடியிருக்கிறதாம், ஷெஹ்பா அதன் வாசலில் காலைத் தூக்கிவிட்டதாம். அது பெட்டை நாய், காலைத் தூக்காது என்று நான் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. தோல் தாயத்து ஒன்று கட்டினார். ராத்திரிக்குள் அதைக் கடித்து மென்று பாதியை விழுங்கிவிட்டது. மறுநாளும் விழுந்தது. கேட்டால், "பாதித் தாயத்துக்குப் பாதி பலன்தானேப்பா இருக்கும்" என்கிறார்.

பிறகு வியாழன் சந்தைக்கு ஆடு ஒட்டகம் பார்க்க வரும் கால்நடை டாக்டர் ஷாத்லியிடம் மன்சூரின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம், "என்ன பெல்காசெம், நாய்க்கும் சீட்டு வாங்கியாச்சா, அடுத்தது கோழியா?" என்று ஒரே கேலி. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் கட்டைப் பார்த்ததுமே, "வாய்க்குள்ள என்னத்த விட்டீங்க?" என்று கேட்டார். நாக்கை விழுங்கிவிடும் என்று பயந்து கரண்டி விட்டேன் என்றேன். "யாரு சொன்னது? நாயும் நாக்க முழுங்காது, மனுசனும் முழுங்க மாட்டான். ஒண்ணு உங்க விரல் போகும், இல்ல அதோட பல்லு போகும், அவ்வளவுதான் லாபம்" என்றார்.

மனுசனும் முழுங்க மாட்டான் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மேற்கொண்டு அதைப் பற்றி எழுத வரவில்லை.

அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். இது மூளையில் வருகிற கோளாறு, ஜின்னும் இல்லை, வெறிநாய்க் கடியும் இல்லை. விழும்போது பிடித்து அமுக்கக் கூடாது, வாய்ப்பக்கம் கை போகக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. பக்கத்தில் இருக்கும் கல், பாத்திரம் எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு, சத்தம் போடாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு ஒரு டாக்டரா என்று எனக்குத் தோன்றியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, எழுந்திருக்காமலே அடுத்தது வந்தாலோதான் ஆபத்தாம், உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்கவும் சொன்னார். உன் ஏழாம் வகுப்பு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன்.

சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் நீ விட்டுப்போன மாத்திரை டப்பா பாதி தீராமல் இருந்தது. அதைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "உங்க குத்துமதிப்புல நாய் செத்துடும்" என்று சத்தம் போட்டார். அதற்கென்று வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையும் இரவும் ஒவ்வொன்று, ஒரு நாள்கூட விடக் கூடாது, திடீரென்று நிறுத்தவே கூடாது. கொட்டை எடுத்த பேரீச்சம் பழத்துக்குள் வைத்துக் கொடுக்கிறேன், மாத்திரை இருப்பதே தெரியாமல் விழுங்குகிறது. அந்தப் பாதி டப்பாவை ஏன் விட்டுப்போனாய்? அங்கே வாங்கிக்கொள்கிறாயா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நோன்புப் பெருநாள் கழிந்து ஸாராவுக்குக் கல்யாணம். கெபிலியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிற ரமலான் மாதம் இருபத்தேழு அன்று சீரோடு வருகிறார்கள். அதற்குள் நாயைச் சுட்டுவிட வேண்டும் என்று மன்சூர் ஒற்றைக்காலில் நிற்கிறார். "வர்றவங்க முன்னாடி அது விழுந்துச்சுன்னா, விழுற சீக்கு உள்ள வீடுன்னு பொண்ண வேணாம்னுடுவாங்க" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் நாயைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குப் புரிந்தது. நீ பேரீச்ச மரத்திலிருந்து விழுந்து பல் உடைந்தது என்றுதான் ஊரில் இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டைத் தவிர மன்சூருக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

இருபத்தேழு வரை தவணை கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்குள் விழுவது நின்றால் ஷெஹ்பா பிழைத்தது. நிற்காவிட்டால் மன்சூரின் துப்பாக்கி. உன்னைக் கேட்காமல் ஒப்புக்கொண்டேன், மன்னித்துக்கொள். மருந்து ஆரம்பித்து ஒரு வாரமாக விழவில்லை.

உன் நலம் நாடும்,
வாப்பா.


தூஸ்,
ரமலான் பிறை 13.

அன்பு மகன் லஸ்ஹருக்கு, நோன்பு மாதத்தின் பரக்கத் உனக்கும் கிடைக்கட்டும். உன் கடிதம் வந்தது. தினம் பதினெட்டு மணி நேரம் அந்த ஊர் வெயிலில் ஒரு நோன்புகூட விடாமல் பிடிக்கிறாய் என்று படித்துக் காட்டினேன், உம்மா சந்தோஷத்தில் அழுதாள். கிணற்றடியில் எல்லாப் பெண்களிடமும் சொல்லியாயிற்று. குளியலறையில் வழுக்கி நெற்றியில் நாலு தையல் என்று எழுதியிருந்தாய். கண்ணைத் திறந்து நடக்கக் கூடாதா? தொழிற்சாலையில் உன்னை எந்திரத்திலிருந்து எடுத்து முற்றம் கூட்டுகிற வேலையில் போட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நீ என்ன தப்பு செய்தாய்? மேஸ்திரியிடம் மரியாதையாகக் கேட்டுப் பார்.

இங்கே எனக்குத் தலை சுற்றுகிறது. ஷெஹ்பா மறுபடியும் விழ ஆரம்பித்துவிட்டது.

மருந்து ஆரம்பித்து இருபது நாள் ஒன்றுமில்லை. நானே சந்தையில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். ரமலான் ஆறாம் நாள் விழுந்தது. ஒன்பதாம் நாள் விழுந்தது. நேற்றும் விழுந்தது. மூன்று தடவையும் பிற்பகல் அஸர் தொழுகையை ஒட்டித்தான். நோட்டில் எழுதியிருக்கிறேன், ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றேமுக்கால் நிமிடம். நான் தொடவே இல்லை, டாக்டர் சொன்னபடி கடிகாரத்தோடு நின்றேன். அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் கை தானாகப் போகிறது.

காரணம்தான் பிடிபடவில்லை. ஸாரா கல்யாணத்துக்காக உம்மா போடுகிற சாம்பிராணிப் புகையா என்று பார்த்தேன். நாலு நாள் நிறுத்தச் சொன்னேன், வீட்டில் பெரிய சண்டை, நாய் அப்படியும் விழுந்தது. வெயிலா என்று கிழக்கு அறையில் கட்டினேன், அங்கேயும் விழுந்தது. ஆட்டுக்கு உண்ணி மருந்து கலக்கிய வாளியில் வாய் வைத்ததா என்று வாளியைப் புதைத்துவிட்டேன். இப்போது ஆட்டுக்கு வாளி இல்லை. மாத்திரை போலியா என்று நானே ஒன்றைக் கடித்துப் பார்க்கப் போனேன், நோன்பு ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

சீதி அம்மாரிடம் போனேன். ரமலானில் ஷைத்தான்களையெல்லாம் விலங்கிட்டுவிடுவார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் பள்ளிவாசலில் நீங்கள்தானே சொல்கிறீர்கள், அப்படியானால் ஜின் கட்டியிருக்கிற மாதத்தில் எப்படி அதிகமாக விழுகிறது என்று கேட்டேன். மனுஷர் தாடியை உருவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில், "இது சங்கிலிக்கு அகப்படாத சாதியா இருக்கும்" என்றார். அவருக்கும் என்னைப் போலவே குழப்பம் என்று தெரிந்ததில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டாக்டரைக் கேட்கலாம் என்றால் இரண்டு வியாழனாக அவரைச் சந்தையில் காணோம். ரமலானில் பாதி நாள்தான் வேலையாம். அடுத்த வியாழன் வந்தால் உண்டு. மருந்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை, காலையும் இரவும் தவறாமல் கொடுக்கிறேன்.

மன்சூர் தினமும் நோன்பு திறக்க வந்து சூப்பைக் குடித்துவிட்டு, "இன்னும் பதினாலு நாள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.  ஸாரா ராத்திரி நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நீயும் நானும் ஒரே நாள்லதான் இந்த வீட்ட விட்டுப் போறோமாடி" என்று அதனிடம் சொல்வதைக் கேட்டேன். எனக்குத் தாங்கவில்லை. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் உன் நாய். நான் யார் பக்கம் நிற்பது? நீயே சொல்.

பார்த்து நட. தையல் பிரிக்கும்வரை நெற்றியில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

உன் வாப்பா.


தூஸ்,
ரமலான் பிறை 28.

என் அன்பு மகனே லஸ்ஹர், உனக்கு இந்நேரம் தந்தி வந்திருக்கும். பயந்திருப்பாய். வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் நலம். "நோன்பை விடு. மாத்திரை போடு. வாப்பா" என்று மட்டும் அடிக்கச் சொன்னேன். தபால் ஆபீசில் இருக்கிற ஹமாதி அதை மூன்று தடவை படித்துவிட்டு, "மாமா, நோன்ப வைன்னு தந்தி அடிச்ச அப்பனப் பாத்திருக்கேன், விடுன்னு அடிக்கிறவரு நீங்கதான்" என்றான். இந்நேரம் ஊருக்கே சொல்லியிருப்பான். சொல்லட்டும். நேற்றே பாதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன வியாழன் டாக்டர் வந்தார். நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் சொன்னபடி காலையும் இரவும் என்றேன். "காலைன்னா எத்தன மணி?" என்றார். ஸஹருக்கு நாங்கள் சாப்பிட எழும்போது, மூன்று மணிக்கு என்றேன். "ராத்திரின்னா?" என்றார். நோன்பு திறக்கும்போது, ஏழரைக்கு என்றேன். வீடு முழுக்க நோன்பாக இருக்கும்போது பகலில் பேரீச்சம் பழத்தைக் கையில் எடுக்க யாருக்கு மனசு வரும்? அதனால் நாங்கள் சாப்பிடும் நேரத்துக்கே அதற்கும் மாற்றிவிட்டேன். மூன்று நாள் ஸஹருக்கு எழவில்லை, அந்த நாட்களில் மட்டும் ஏழரைக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். அதையும் சொன்னேன்.

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஒரு பக்கம் ஏழரை மணி நேரம், மறுபக்கம் பதினாறரை. தூக்கமும் இல்லை, நாங்கள் ராத்திரி முழுக்க விழித்திருந்தால் அதுவும் விழித்திருக்கிறது. "அய்யா, நீங்க நோன்பு வைங்க, புண்ணியம். நாய எதுக்கு நோன்பு வைக்கச் சொல்றீங்க? மாத்திரைக்கு ரமலான் தெரியாது" என்றார். இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் இதை முதலில் சரிசெய்யுங்கள் என்றார். சரிசெய்தாலும் உடனே நின்றுவிடாது, கொஞ்ச நாள் பிடிக்கும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து காலை ஏழு, மாலை ஏழு. பேரீச்சம் பழத்தை நோன்போடு பிசைந்து கொடுக்கிறேன், விரலைக்கூட நக்குவதில்லை.

நேற்று இருபத்தேழு. மாப்பிள்ளையும் அவன் தாய் லல்லா ஹனியாவும் உறவுக்காரர்களும் சீரோடு அஸருக்கே வந்துவிட்டார்கள். முற்றம் நிறைய ஆட்கள். ஷெஹ்பாவைப் பின்னறையில் அடைத்துவைத்தோம். எவனோ கதவைத் திறந்துவிட்டான். நேராக வந்து, லல்லா ஹனியா கொண்டுவந்த சீர்த்தட்டுக்குப் பக்கத்தில் நின்றது. நின்றபடியே விறைத்து விழுந்தது.

பெண்கள் கூச்சல் போட்டார்கள். யாரோ கரண்டி கரண்டி என்று கத்தினார்கள். நான் தட்டுகளைத் தள்ளிவிட்டு, எல்லோரையும் விலகச் சொல்லி, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் ஐம்பது நொடி.  முடிந்ததும் மன்சூர் வண்டிக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தார். தவணை தவணைதானே.

லஸ்ஹர், எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நாய்க்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். "இந்தச் சீக்குக்குச் சுடணும்னா முதல்ல எம் மகனைச் சுடு. அவனுக்கும் இதேதான். அவன் மரத்துலேர்ந்து விழல. அவன் பல்ல உடைச்சது நான், கரண்டிய வச்சு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக மூடிவைத்ததை ஒரு மூச்சில் கொட்டிவிட்டேன். ஸாராவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன்.

மன்சூர் துப்பாக்கியை இறக்கிவிட்டார். லல்லா ஹனியா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய் எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டார். மருந்து நேரம் மாறிய கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பிள்ளை? அங்க நோன்பு வைக்குதா?" என்றார். உம்மா பழக்க தோஷத்தில் பெருமையாக, "ஒண்ணுகூட விடலியே" என்றாள். சொன்ன வாயை அப்படியே கையால் மூடிக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காபேஸ் நகரத்து டாக்டர் அப்போது உனக்கு எழுதிக்கொடுத்தது காலை, மதியம், இரவு மூன்று வேளை. பதினெட்டு மணி நேர நோன்பில் மதிய மாத்திரை எங்கே போயிற்று? காலை மாத்திரை எங்கே போயிற்று? நெற்றியில் நாலு தையல். எந்திரத்திலிருந்து துடைப்பத்துக்கு மாற்றம். எல்லாவற்றையும் நீ எழுதியிருந்தாய், நானே சத்தமாகப் படித்தேன். நாய்க்கு நோட்டுப் போட்டு நிமிடக் கணக்கு எழுதினவன், என் பிள்ளைக்குக் கண்ணைத் திறந்து நட என்று புத்தி சொன்னேன். என்ன தகப்பன் நான்.

கல்யாணம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அவர்கள் நோன்பு திறந்தார்கள், சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை. சீரைத் திரும்பக் கேட்கவும் இல்லை. ஸாராவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அண்ணனுக்குத் தந்தி அடிங்க முதல்ல" என்று என்னை விரட்டினாள். விடிந்ததும் ஓடினேன்.

நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை என்று சீதி அம்மாரே சொல்லிவிட்டார், சந்தேகம் இருந்தால் அங்கே உள்ள இமாமைக் கேள். விட்ட நோன்புக்காக இங்கே நான் ஏழைகளுக்குச் சோறு போடுகிறேன். மாத்திரையை மட்டும் விடாதே, நீயாக நிறுத்தாதே. அங்கே ஒரு டாக்டரைப் பார், தையலை மட்டுமல்ல, எல்லாவற்றையும் சொல். உன் அறையில் கூட இருப்பவனிடமும் சொல்லிவை. வாயில் எதையும் வைக்க வேண்டாம், பிடித்து அமுக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கட்டும் என்று சொல். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடச் சொல். வெட்கப்படாதே. வெட்கப்பட வேண்டியவன் நீ இல்லை.

காபேஸில் பல் கட்டுகிற டாக்டர் ஒருவர் இருக்கிறாராம், முன்பல் கட்டினால் சொந்தப் பல் மாதிரியே இருக்குமாம். விசாரித்து வைத்திருக்கிறேன். நீ எப்போது வந்தாலும் நானே கூட்டிப் போகிறேன்.

ஷெஹ்பா என் காலடியில் படுத்திருக்கிறது. துப்பாக்கி மறுபடியும் வண்டியில் ஏறிவிட்டது, மன்சூர் இன்று மதியம் வந்தபோது புதிதாக நாள் எண்ணவில்லை. ஏழு மணி ஆகப்போகிறது, அதற்குப் பழம் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். இங்கே ஏழு என்றால் அங்கே எட்டு என்று ஹமாதி சொன்னான். உன் ராத்திரி மாத்திரையை எட்டு மணிக்கே போட்டுக்கொள், மகனே. நான் இங்கே நாய்க்குக் கொடுக்கிற அதே நிமிடம் நீயும் அங்கே போடுகிறாய் என்று நினைத்துக்கொண்டு கொடுப்பேன். அல்லாஹ் உன்னை விழாமல் பார்த்துக்கொள்ளட்டும். விழுந்தாலும், பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவன் இருக்கட்டும்.

உன் வாப்பா,
பெல்காசெம்.